எலுமிச்சைக் காடியின் இயல்பும் ஏமமும்

தனித்து உண்ணப்படாது, உணவின் சுவையையும் நிறத்தையும் பதத்தையும் காக்கவோ மாற்றவோ வேண்டிச் சிற்றளவில் கலக்கப்படும் பொருள் உணவுச் சேர்பொருள் எனப்படும். நிறமூட்டி, இனிப்பூட்டி, கெடாமற்காப்பி, புளிப்பூட்டி எனப் பலவாய் விரியும் அவற்றுள், புளிப்பூட்டிகளுக்குத் தலைமை தாங்குவது எலுமிச்சைக் காடி. பாடநூல்கள் சிட்ரிக் அமிலம் என்றும் மளிகைக் கடைகள் எலுமிச்சை உப்பு என்றும் வழங்குவதும், உணவுப் பொதிகளின்மேல் 330 என்னும் எண்ணால் குறிக்கப்படுவதும் இதுவே.

கரிமம் ஆறும் நீரகம் எட்டும் உயிர்வளி ஏழும் கூடிய இதன் மூலக்கூற்றில் காடித்தொகுதிகள் மூன்று உள்ளன. மின்னூட்டம் பெற்ற நீரகத்தை அவை நீருக்கு ஈவதால் புளிப்புப் பிறக்கிறது; ஈந்தபின் அவ்விடங்கள் இரும்பு, செம்பு, சுண்ணம் முதலிய மாழைகளை, நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல் பற்றிக்கொள்கின்றன. இதனைக் கொடுக்கிணைப்பு என்பர். காடியின் பயன்களிற் பெரும்பாலன இவ்விரு இயல்புகளுள் அடங்கும். தகரக்குவளையில் அடைத்த தக்காளியின் பி.எச். அளவெண்ணை 4.6க்குக் கீழ் இறக்கி, காற்றில்லா இடத்தில் கொடுநஞ்சு சுரக்கும் பாட்டுலின நுண்ணுயிரை வளரவொட்டாமல் தடுப்பது புளிப்பின் தொழில். எண்ணெயைச் சிக்கடிக்கத் தூண்டும் இரும்பையும் செம்பையும் சிறைப்படுத்துவது கொடுக்கிணைப்பின் தொழில். நறுக்கிய ஆப்பிள் பழுப்பேறாமைக்கோ இரண்டுமே துணைநிற்கின்றன.

1784இல் சுவீடனில் சீலே என்னும் அறிஞர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். நெடுங்காலம் இத்தாலியப் பழத்தோட்டங்களையே நம்பியிருந்த இக்காடியாக்கத் தொழிலை, சீனிக் கரைசலில் வளரும் ஒரு கரும்பூஞ்சை இக்காடியை மிகுதியாய் ஆக்கும் என 1917இல் காட்டிய சேம்சு கர்ரியின் ஆய்வு தலைகீழாக்கியது. இன்று கடைக்கு வரும் எலுமிச்சைக் காடி ஏறத்தாழ முழுவதும் பூஞ்சை தந்ததே. ஆயினும் பழத்தின் காடிக்கும் இதற்கும் மூலக்கூற்றளவில் வேறுபாடு ஏதுமில்லை.

1970களில் பிரான்சு நாட்டில் கைமாறிக் கைமாறிப் பரவிய துண்டறிக்கை ஒன்று, மருத்துவமனை ஒன்றின் பெயரைப் பொய்யாய்த் தாங்கி, இந்த 330ஐப் புற்றுநோய் விளைக்கும் கொடும்பொருள் என்று தூற்றியது. அம்மருத்துவமனை மறுத்தும் அச்சம் எளிதில் அடங்கவில்லை. உண்மையோ இதற்கு நேர்மாறானது. உணவிலிருந்து உயிரணு ஆற்றலைக் கறக்கும் சுழற்சியை 1937இல் அன்சு கிரெப்சு விளக்கினார்; அச்சுழற்சியின் முதற்படியில் ஒவ்வொரு நொடியும் நம் உடலே ஆக்கி, ஆக்கியவாறே சிதைப்பது எலுமிச்சைக் காடியைத்தான். நாள்தோறும் உண்ணத்தகும் அளவுக்கு வரம்பெண் குறிக்கத் தேவையில்லை எனப் பன்னாட்டு வல்லுநர் குழு முடிவுசெய்ததும் அதனால் வியப்பன்று.

வரம்பு வேண்டுமிடம் வயிறன்று, வாய். எண்ணெயைக் காக்கும் அதே கொடுக்கிணைப்பு, புளிப்போடு சேர்ந்து, பல்லின் மேற்பூச்சிலுள்ள சுண்ணத்தையும் கவர்ந்து கரைக்கும். கரைந்ததை ஈடுசெய்ய உமிழ்நீருக்குச் சற்றுப் பொழுது வேண்டும். ஆதலின், புளிப்பேற்றிய குளிர்நீரை ஒரே முறையில் குடித்து முடிப்பதினும், பொழுதெல்லாம் சிறுகச் சிறுகச் சுவைத்திருப்பதே பல்லுக்குப் பெருங்கேடு. குடித்த கையோடு பல் துலக்குவதும், இளகிநிற்கும் அம்மேற்பூச்சைத் தேய்த்தகற்றும்.