தராசு எடை பில்லில் ஏறவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் வயரைப் பாருங்கள்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை மளிகைக்கடை எப்படி இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். பொரி, பொட்டுக்கடலை, அவல், வெல்லம் என்று ஆளாளுக்குச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு மாலையில் புதுக்கோட்டையில் உள்ள நமது கடையில் எலக்ட்ரானிக் தராசின் எடை கம்ப்யூட்டருக்கு வராமல் நின்றுவிட்டது. தராசில் எடை தெரிகிறது, பில்லில் ஏறவில்லை. பையன் எடையைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டினான். அவசரத்தில் 250 கிராம் பாசிப்பருப்பு, 2.500 கிலோ என்று பில்லில் விழுந்துவிட்டது. பல வருடங்களாக நம்மிடமே சாமான் வாங்கும் ஓர் அம்மா, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தைப் பார்த்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பார்வை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பூஜை முடிந்து வந்த மெக்கானிக், தராசின் போர்டு போய்விட்டது, நாலாயிரம் ரூபாய் ஆகும் என்றார். நல்ல வேளையாக அந்த போர்டு உடனே கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நமக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்த தம்பி வந்து ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டார். நடந்தது இதுதான்: பூஜைக்காகக் கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்துத் துடைத்தோம். கழற்றிய வயர்களைத் திரும்பச் சொருகும்போது தராசின் வயரை வேறு துளையில் சொருகிவிட்டோம். தராசுக்கு ஒரு குறையும் இல்லை.

இது நம் ஒருவர் அனுபவம் மட்டும் அல்ல. பில் போடும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அன்பர்களிடம் விசாரித்ததில், அநேகமாக எல்லோருமே ஒரு முறையாவது நல்ல கருவியைப் பழுது என்று நினைத்துப் பணம் செலவழித்திருக்கிறார்கள். ஆகவே நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை வரிசையாக இங்கே தருகிறோம்.

யு.எஸ்.பி. என்பது என்ன?

முன்பெல்லாம் பிரிண்டருக்கு ஒரு மாதிரி பிளக், கீபோர்டுக்கு ஒரு மாதிரி, மவுசுக்கு இன்னொரு மாதிரி என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் என்று 1996ஆம் ஆண்டு வந்ததே யு.எஸ்.பி. இன்டெல் நிறுவனத்தில் இதற்கான குழுவை நடத்தியவர், குஜராத்தில் வடோதராவில் படித்த அஜய் பட் என்னும் நம் நாட்டவர்.

சாதாரண யு.எஸ்.பி. வயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு கம்பிகளில் 5 வோல்ட் மின்சாரம் போகிறது. மற்ற இரண்டில் எடை, பில், பார்கோடு எண் போன்ற செய்தி போகிறது. கருவியில் விளக்கு எரிகிறது என்றால் மின்சாரக் கம்பி நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். செய்திக் கம்பி அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதல் கேள்வி: குறை கருவியிலா, இணைப்பிலா?

தராசு: தராசின் முகப்பில் எடை சரியாகத் தெரிந்தால் தராசு நன்றாக இருக்கிறது. வயரையும் கம்ப்யூட்டரையும்தான் பார்க்க வேண்டும். தராசைத் திறக்கவே கூடாது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வைத்த முத்திரை உடைந்தால் அந்தத் தராசில் வியாபாரம் செய்வது குற்றமாகிவிடும். போர்டு மாற்றினாலும் மறு முத்திரை பெற்ற பிறகே அதைக் கடையில் வைக்க வேண்டும்.

பில் பிரிண்டர்: பிரிண்டரை அணைத்து, பேப்பர் தள்ளும் 'பீட்' பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால், பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்கள் தாமே ஒரு சோதனைச் சீட்டு அடிக்கும். சீட்டு வந்தால் பிரிண்டர் நலம். சீட்டு வெள்ளையாக வந்தால் பேப்பரை மாற்றிப் போட்டிருப்போம். நகத்தால் கீறினால் கருப்புக் கோடு விழும் பக்கமே அச்சாகும் பக்கம்.

பார்கோடு ஸ்கேனர்: கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனர் இன்னொரு கீபோர்டு. ஆகவே பில்லிங் சாப்ட்வேரை விட்டுவிட்டு 'நோட்பேட்' என்பதைத் திறந்து, ஒரு சோப்பு அட்டையை ஸ்கேன் செய்யுங்கள். நம் நாட்டுச் சரக்குகளில் பெரும்பாலும் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் வந்து விழ வேண்டும். விழுந்தால் ஸ்கேனரும் வயரும் சரி. சாப்ட்வேரில் கட்டம் மாறி நிற்கிறது. விழாவிட்டால் கீழே உள்ள சோதனைகளுக்குப் போக வேண்டும்.

இணைப்பில் பார்க்க வேண்டியவை

1. வயர். இரண்டு முனைகளையும் கழற்றி மீண்டும் இறுகச் சொருகுங்கள். பிறகு வேறு வயர் மாற்றிப் பாருங்கள். செல்போன் சார்ஜர் வயர் முனை பொருந்துகிறதே என்று அதைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். விலை குறைந்த சில சார்ஜர் வயர்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும். செய்திக் கம்பியே இராது. நீளமும் முக்கியம். யு.எஸ்.பி. 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. ஒன்றோடு ஒன்று இணைத்துக் கடையின் மறுகோடி வரை இழுத்தால் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். பிரிட்ஜ், மாவு மெஷின் மோட்டார் வயர்களோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு. எலி கடித்த இடம் உண்டா என்று மேசைக்கு அடியிலும் ஒரு முறை பாருங்கள்.

2. போர்ட், அதாவது சொருகும் துளை. கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளைகள் உள்ளே தனி வயர் மூலம் வருபவை. பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே இருப்பவை. கருவிகளைப் பின்பக்கத்தில் சொருகுவதே நல்லது. நீல நிறத் துளை பெரும்பாலும் வேகமான 3.0 வகை. நம் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவி போன்றவற்றுக்கு அந்த வேகம் வேண்டும். ஸ்கேனருக்கும் தராசுக்கும் சாதாரணத் துளையே போதும்.

3. மின்சாரம். சாதாரண 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை கொடுப்பது 900. ஒரு துளையை நாலாகப் பிரிக்கும் 'ஹப்' வாங்கி அதில் ஸ்கேனர், தராசு, கீபோர்டு எல்லாவற்றையும் மாட்டி, போதாததற்குக் கடைப் பையனின் செல்போனையும் சார்ஜ் போட்டால், இருக்கும் மின்சாரத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஏதாவது ஒன்று நின்றுவிடும். ஹப் அவசியம் என்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். அது கருவிக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

4. ரீஸ்டார்ட். இப்போதைய விண்டோஸில் 'ஷட்டவுன்' செய்து மறுபடி போட்டால், விரைவாகத் திறப்பதற்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு திறக்கும். ஆகவே கோளாறு நீங்க 'ரீஸ்டார்ட்' என்பதையே அழுத்த வேண்டும். அதற்கும் கேட்கவில்லை என்றால், அணைத்து, பவர் வயரை உருவி, ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு வரும் கோளாறுகள் பல இதிலேயே தீர்கின்றன.

5. தூக்கம். மதியம் வியாபாரம் மந்தமாக இருந்து, மாலையில் ஸ்கேனர் எழுந்திருக்க மறுக்கிறதா? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அந்தத் துளையைத் தூங்க வைத்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்தி வையுங்கள்.

6. போர்ட் எண். நம் கடையில் நடந்தது இதுதான். பல தராசுகள் பழைய சீரியல் வயர் வகை. நடுவில் ஒரு கன்வர்ட்டர் போட்டு யு.எஸ்.பி. துளையில் சொருகுகிறோம். விண்டோஸ் அதற்கு காம் 3, காம் 4 என்று ஓர் எண் கொடுக்கிறது. வேறு துளைக்கு மாற்றினால் பல சமயம் எண்ணும் மாறிவிடும். சாப்ட்வேரோ பழைய எண்ணிலேயே காத்துக் கிடக்கும். ஸ்டார்ட் பட்டனில் மவுசின் வலது பட்டனை அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, போர்ட்ஸ் என்ற தலைப்பில் எண்ணைப் பார்த்து, அதையே சாப்ட்வேரில் கொடுத்தால் போதும். பிரிண்டரும் இப்படித்தான். துளை மாறினால் அதே பெயரில் 'காப்பி 1' என்று இரண்டாவது பிரிண்டர் முளைக்கும். பில் பழைய பெயருக்கே போய் நிற்கும்.

அங்கே மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் சரியில்லை என்று பொருள். மலிவுக் கன்வர்ட்டர்களில் இது அதிகம். 2014ஆம் ஆண்டு எப்.டி.டி.ஐ. என்ற சிப் நிறுவனம் வெளியிட்ட டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, அதன் பெயரில் விற்கப்பட்ட போலி சிப்களை வேலை செய்யாமல் நிறுத்திவிட்டது. வாங்கியவர்களுக்குப் போலி என்றே தெரியாது. நூறு ரூபாய் மிச்சம் பார்த்து பண்டிகை நாள் வியாபாரத்தை விடலாமா?

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். வயர், துளை, சாப்ட்வேர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் குறை எங்கே இருந்தது என்று கடைசி வரை தெரியாது.

மீண்டும் வராமல் இருக்க

வயர் ஒவ்வொன்றிலும், அது போகும் துளைக்குப் பக்கத்திலும் 1, 2, 3 என்று சீட்டு ஒட்டி வையுங்கள். இதற்கு ஆகும் செலவு இரண்டு ரூபாய். காம் எண்ணையும் கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து அன்பர்கள் உப்புக் காற்றையும் கவனிக்க வேண்டும். பிளக்கின் உலோகம் பாசி பிடித்தால் செய்தி போகாது. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் துடைப்பது போதும். வாயால் ஊத வேண்டாம். ஈரம் உள்ளே போகும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போதும் ஸ்கேனர் கண்ணாடியிலும் துளைகளிலும் படாமல் பெட்டியின் மேல் வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கம்பெனி உதவி எண் என்று எங்கோ கிடைத்த நம்பருக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லும் செயலியைப் போட்டு, அதன் எண்ணைச் சொல்லிவிட்டால் நம் கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குப் போய்விடும். அதில்தான் நம் பேங்க் கணக்கும் இருக்கிறது. சரக்கு வாங்கிய பில்லில் உள்ள எண்ணுக்கு மட்டுமே பேசுங்கள்.

வியாபாரம் நிற்கக் கூடாது

எல்லாம் செய்தும் சரியாகவில்லையா? கையெழுத்து பில் புத்தகத்தை எடுங்கள். ஜி.எஸ்.டி.யிலும் கையால் எழுதும் பில் செல்லும். எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசை வைத்துக்கொள்ளலாம். எனவே கைப்பில்லுக்குத் தனி வரிசை போட்டு, பிறகு கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குபவர் பதிவு பெறாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், நாள் முடிவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் போடவும் இடம் உண்டு.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அன்று நம்மைக் காப்பாற்றியது கைப்பில்லும் படிக்கல்லும்தான். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று அவற்றைப் பரணில் போட்டுவிட வேண்டாம். முத்திரை போட்ட கல்லும் தராசும் கல்லா அருகிலேயே இருக்கட்டும்.

கருவி நின்றால் ஒரு மணி நேரம் வியாபாரம் தாமதப்படும். எடை தவறினால் பல வருட நம்பிக்கை போகும். கையால் எடையைத் தட்ட வேண்டி வந்தால், தட்டியதை வாடிக்கையாளர் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு பில் அடியுங்கள். நமது கடையில் இப்போது அதுதான் வழக்கம்.

உறுப்பினர்கள் தத்தம் கடையில் கண்ட கோளாறையும், அது தீர்ந்த விதத்தையும் எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.