இழுக்காத டர்போ கார்: குற்றவாளி ரப்பர் குழாய்!

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது கார் திணறுகிறதா? மிதித்தால் 'புஸ்' என்று சத்தம், டீசல் வண்டியானால் பின்னால் கறுப்புப் புகையும் வருகிறதா? "டர்போ போச்சு சார், மாத்திடலாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் பல ஆயிரம் பழுத்துவிடும்.

கொஞ்சம் பொறுங்க! என்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுற்றும் சின்ன விசிறிதான் டர்போ. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று போகும் ரப்பர் குழாய் கிழிந்தாலோ, கிளிப் தளர்ந்தாலோ இதே கோளாறுதான். பல நேரம் இணைப்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கே திருடனைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்படியும் பிடிபடாவிட்டால், குழாயில் அளவாகக் காற்றடைத்து சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓட்டையில் குமிழி கிளம்பும். பஞ்சர் கடை வித்தைதான்!

இதைப் பார்க்காமல், "பவர் ஏத்துறேன்" என்று என்ஜின் கம்ப்யூட்டரில் கை வைக்கிறார்கள் சில இளவட்டங்கள். கசியும் காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். கடைசியில் பேரிங் காலி! வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 2019 சட்டத் திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இன்னொன்று. விரட்டி வந்த வண்டியைச் சட்டென்று அணைக்காதீங்க. ஒரு நிமிஷம் ஐடிலில் ஓடட்டும். இல்லாவிட்டால் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும்.