பெட்டகத்தின் தங்கம் யாருடையது?

குழந்தைகள் எழுப்பும் வினாக்களுள் சில, மறைக்கல்வி ஆசிரியரையும் திணற வைப்பவை. சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய வினா ஒன்று நம் இல்லத்தில் எழுந்தது. எட்டு வயதுப் பேரன் கூடத்தின் தரையில் அமர்ந்து, லெகோ எனப்படும் பிளாஸ்டிக் கட்டைகளால் கோட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கோட்டையின் உள்ளே நீலச் சட்டை வீரர்களும் ஆளுநரும். வெளியே, ஒரு காலுக்குப் பதில் கட்டை பொருத்திய கடற்கொள்ளையர் தலைவன். இவர்கள் போரிடுவதற்குக் காரணமாக நடுவில் ஒரு சிறு பெட்டகம். அதற்குள் பொன்னிறக் காசுகள். திடீரெனத் தலை நிமிர்ந்து, "தாத்தா, இந்தத் தங்கம் யாருடையது?" என்றான்.

"ஆளுநருடையது" என்றோம்.

"அவருக்கு யார் கொடுத்தார்கள்?" என்றான் அவன்.

நமக்கு உடனே விடை கிட்டவில்லை. இக்கட்டைகளைச் சேர்ப்பதும் கட்டுவதும் கலைப்பதும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நமக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. "கொள்ளைக்காரனை வீரனாக்கும் விளையாட்டுப் பொருள் கத்தோலிக்க இல்லத்துக்கு ஏற்றதா?" என்று நண்பர்கள் கேட்டபோதெல்லாம், "இது வெறும் விளையாட்டு" என்று சொல்லித் தப்பித்து வந்தோம். பேரனிடம் அவ்வாறு தப்பிக்க இயலவில்லை. ஆகவே இக்கட்டைகளின் நிறைகுறைகளை இங்கே மனம்விட்டு எழுதத் துணிந்தோம்.

தச்சரின் பட்டறை

இக்கட்டைகள் பிறந்த இடம் டென்மார்க் நாட்டிலுள்ள பில்லுண்ட் என்னும் சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1916-இல் அங்கு ஒரு பட்டறையை வாங்கினார். 1924-இல் அவருடைய மைந்தர் இருவர் மரச்சீவல்களில் தீ மூட்டிவிட, பட்டறையும் வீடும் எரிந்து போயின. 1932-இல் உலகெங்கும் வாணிபம் முடங்கியிருந்தது; அவ்வாண்டிலேயே அவருடைய மனைவியும் நான்கு ஆண்மக்களை விட்டுவிட்டு இறந்தார். கட்டட வேலைகள் குறைந்துபோன அந்நாளில்தான் அவர் மர விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். லெகோ என்ற பெயர், 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கமாகும்.

ஓலே கிர்க் லுத்தரன் சபையைச் சேர்ந்த இறைப்பற்று மிக்கவர். அவரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றை அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மர வாத்துகளுக்கு மும்முறை வார்னீஷ் பூசுவது வழக்கம். மகன் கொட்ஃபிரட் ஒரு நாள் இருமுறை மட்டும் பூசி, பணம் மிச்சம் பிடித்ததாகத் தந்தையிடம் பெருமை பேசினான். தந்தையோ, இரயில் நிலையம் சேர்ந்துவிட்ட பெட்டிகளை உடனே திரும்பக் கொணர்ந்து, மூன்றாம் பூச்சையும் பூசி, இரவு முழுவதும் ஆனாலும் தனியே முடிக்குமாறு பணித்தார். வாத்தை வாங்கும் குழந்தைக்கு எத்தனை பூச்சு என்பது தெரியப்போவதில்லை. ஆயினும் தெரியாதவரை ஏமாற்றுவதும் திருட்டே என்பதை மகன் அன்று கற்றான். கொள்ளையரைப் பொம்மையாக்கிய நிறுவனத்தின் வேர் இத்தகைய நேர்மையில் ஊன்றியுள்ளது என்பதை நண்பர்கள் அறிதல் நலம்.

இன்று நாம் காணும் கட்டைக்கு அந்த மகனே 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார். தந்தை அதே ஆண்டில் காலமானார். மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களும் கொண்ட அவ்வமைப்பு இன்றுவரை மாறவில்லை. 1958-இல் வார்த்த கட்டை இவ்வாண்டு வார்த்த கட்டையோடு இறுகப் பொருந்தும். பாட்டனின் கட்டை பேரனின் கட்டையோடு இணைவதென்பது அரிய செய்தியன்றோ!

முகம் மாறிய ஆண்டு

1978 முதல் இக்கட்டைகளோடு குட்டி மனிதர்களும் வந்தனர். மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு புன்னகை. காவலர், மருத்துவர், அரசர், சேவகர் என அனைவருக்கும் அம்முகமே. 1989-இல் கடற்கொள்ளையர் வரிசை வெளியானபோது இந்நிலை மாறியது. ஒருவனுக்குச் சிவந்த தாடி, ஒருவனுக்குக் கண்மறைப்பு, ஒரு பெண்ணுக்குச் சாயம் தீட்டிய இதழ்கள். கைக்குப் பதில் கொக்கியும், காலுக்குப் பதில் கட்டையும், தோளில் கிளியும், துள்ளும் குரங்கும் அப்போதுதான் தோன்றின.

கலை நயத்தில் இது முன்னேற்றமே. ஆனால் ஒரு சிறு வருத்தமும் நமக்கு உண்டு. எல்லா முகங்களும் ஒன்றாக இருந்தபோது, நல்லவன் யார், தீயவன் யார் என்பதைக் குழந்தையே தீர்மானித்தது. முகத்தில் குரூரம் அச்சிடப்பட்ட பின், அத்தீர்ப்பைத் தொழிற்சாலை முன்னதாகவே வழங்கிவிடுகிறது. மனிதரை முகம் பார்த்துத் தீர்ப்பிடும் பழக்கம் நம்மிடையே ஏற்கெனவே மிகுதி. விளையாட்டிலும் அதைக் கற்க வேண்டுவதில்லை. எனினும் இதற்கொரு மாற்று அப்பெட்டிக்குள்ளேயே உண்டு. தலைகளைக் கழற்றலாம், தொப்பிகளை மாற்றலாம். ஆளுநரின் தொப்பி கொள்ளையன் தலையிலும், கொள்ளையனின் தொப்பி ஆளுநர் தலையிலும் அப்படியே பொருந்துகின்றன. இதைச் செய்து பாராத குழந்தை இல்லை.

நிறையும் குறையும்

அவ்வாண்டின் பெட்டிகளுள் இரண்டை நாம் சிறந்தவையாகக் கருதுகிறோம். ஒன்று, 'பிளாக் சீஸ் பாரகூடா' என்னும் கொள்ளையர் கப்பல். சிவப்பும் வெள்ளையுமான கோடுகள் கொண்ட துணிப் பாய்களை உயர்த்தி அது நிற்கும் கம்பீரம் தனி. மற்றது 'எல்டொராடோ' என்னும் கோட்டை. வெளிநாட்டில் பணியாற்றிய தம்பி 1990-இல் நமக்குக் கொண்டுவந்த அக்கோட்டையைத்தான் பேரன் இன்று கட்டி மகிழ்கிறான். குறையென்று சொன்னால், கப்பலின் அடிப்பாகம் பெரும் துண்டுகளாக வார்க்கப்பட்டிருப்பது. கப்பலுக்கன்றி வேறெதற்கும் அவை எளிதில் பயன்படா. சிறு கட்டைகளோ வீடாகும், கோயிலாகும், பாலமுமாகும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் எனக் கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

கடுமையாகச் சொல்லவேண்டிய குறை ஒன்றும் உண்டு. 1994-இல் இவ்வரிசையில் தீவுவாசிகள் சேர்க்கப்பட்டனர். முகத்தில் வண்ணப் பூச்சும் தலையில் இறகுமாக, கொள்ளையரின் கதைக்கு வெறும் அலங்காரமாகவே அவர்கள் வைக்கப்பட்டனர். அவர்களுக்கென்று ஊரோ, குடும்பமோ, வழிபாடோ உண்டு என்பதற்கு அப்பெட்டிகளில் தடயம் அரிது. பேரனின் வினா நம்மைச் சுட்டது இந்த இடத்தில்தான்.

தங்கம் வந்த வழி

இப்பொம்மைகளின் பின்னணியான கரீபியக் கடலில் கொள்ளையர் கோலோச்சியது ஏறத்தாழ 1650 முதல் 1730 வரை. அவர்கள் குறிவைத்த செல்வத்தில் பெரும்பகுதி ஸ்பெயின் அரசு அமெரிக்க நாடுகளிலிருந்து ஏற்றிச் சென்ற வெள்ளியும் பொன்னும். இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் 1545-இல் வெள்ளி கண்டறியப்பட்டது. அதை வெட்டி எடுக்கப் பழங்குடி மக்கள் ஊர் ஊராகக் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். ஆளுநரின் பெட்டகமும் பறித்த பெட்டகமே.

திருச்சபை இதைக் கண்டு முற்றும் வாளாவிருந்ததன்று. 1537-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், அம்மக்களும் மெய்யான மனிதரே என்றும், அவர்தம் உரிமையையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என்றும் அறிவித்தார். தொமினிக்கன் துறவியும் ஆயருமான பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ், தாம் நேரில் கண்ட கொடுமைகளை 1542-இல் எழுதி அரசருக்குத் தெரியப்படுத்தினார். ஆயினும் அக்குரலுக்குச் செவிமடாத கத்தோலிக்கர் பலர் இருந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

கொள்ளையரோ ஏழைகளுக்காகப் போராடிய வீரர் அல்லர். 2011-இல் ஒரு திரைப்படத்தையொட்டி 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்ற கப்பலும் லெகோ பெட்டியாக வந்தது. அப்பெயருடைய உண்மைக் கப்பலை 1717-இல் பிளாக்பியர்ட் என்னும் கொள்ளைத் தலைவன் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினான். அப்போது அது நானூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரை விற்பனைக்கு ஏற்றி வந்த அடிமைக் கப்பல். அவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கையிலேயே சிக்கி, விற்பனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பொம்மைக் கப்பலின் அடித்தளத்தில் இவ்வரலாற்றுக்கு இடமில்லை. அதைச் சொல்லும் கடமை பெற்றோருடையது.

மீட்கச் சென்ற கப்பல்கள்

ஆனால் கடலில் கொள்ளையர் கப்பல்கள் மட்டும் ஓடவில்லை. மத்தியதரைக் கடலிலும் கொள்ளையர் மனிதரைப் பிடித்து அல்ஜியர்ஸ், தூனிஸ் நகரச் சந்தைகளில் விற்றனர். கிறிஸ்தவத் துறைமுகமான மால்டாவிலும் முஸ்லிம் கைதிகள் விற்கப்பட்டனர். இவ்வாறு சிக்கியவர்களை மீட்கவென்றே துறவற சபைகள் தோன்றின. புனித மாத்தா யோவான் நிறுவிய திரித்துவ சபைக்கு 1198-இல் பாப்பரசரின் ஒப்புதல் கிட்டியது. புனித பீட்டர் நொலாஸ்கோ 1218-இல் பார்சலோனாவில் இரக்க அன்னையின் சபையைத் தொடங்கினார். கைதியை மீட்கப் பணம் போதாவிடில் அவருக்குப் பதில் தாமே பிணையாக இருப்பதாக அச்சபையினர் நான்காம் வார்த்தைப்பாடு எடுத்தனர். 'தோன் கிஹோத்தே' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதிய செர்வாந்தஸ் 1575-இல் பிடிபட்டு, ஐந்தாண்டுகள் அல்ஜியர்ஸில் சிறையிருந்தார். 1580-இல் அவரைப் பணம் கொடுத்து மீட்டவர்கள் திரித்துவ சபையினரே.

நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையை அறியாதார் இலர். அப்புனிதர், தாம் 1605-இல் கொள்ளையரிடம் சிக்கித் தூனிஸில் அடிமையாக விற்கப்பட்டதாக ஒரு கடிதத்தில் எழுதினார். வரலாற்றறிஞர் சிலர் இதை ஐயுறுகின்றனர். எவ்வாறாயினும், 1645 முதல் தம் குருக்களை அக்கைதிகளிடையே பணியாற்ற அவர் அனுப்பியது உறுதி.

இவற்றைப் பேரனிடம் சொன்னோம். சிறிது நேரம் யோசித்தவன், கொள்ளையர் கப்பலின் கறுப்புக் கொடியை நீக்கி, ஒரு வெள்ளைக் கட்டையைப் பாய்மரத்தின் உச்சியில் பொருத்தினான். "இது மீட்கப் போகிற கப்பல்" என்றான். பெட்டகத்தின் காசுகள் கைதிகளின் விலையாயின. எந்தப் பெட்டியின் அட்டையிலும் இல்லாத கப்பல் அது.

திறக்கப்படாத பெட்டி

நம் குற்றம் ஒன்றையும் ஈண்டு அறிக்கையிட வேண்டும். 2020-இல் பழைய பாரகூடாவைக் கரையொதுங்கிய கப்பலாக அமைத்து, 2,545 துண்டுகளுடன் லெகோ நிறுவனம் ஒரு பெட்டி வெளியிட்டது. 2023-இல் எல்டொராடோ கோட்டையும் 2,509 துண்டுகளுடன் மீண்டும் வந்தது. வெளியானபோது இரண்டின் விலையும் ஏறத்தாழ 200 அமெரிக்க டாலராக இருந்தது. முன்னது பதினாறு வயது கடந்தோர்க்கெனவும், பின்னது பதினெட்டு வயது கடந்தோர்க்கெனவும் குறிக்கப்பட்டவை. சிறுவரின் விளையாட்டு, அன்று சிறுவராயிருந்து இன்று பணம் படைத்தோரின் அலமாரிக்கு ஏறிவிட்டது. இவற்றைப் பிரிக்காமலே வைத்திருந்து, உற்பத்தி நின்றபின் அதிக விலைக்கு விற்போரும் உளர்.

அந்தப் பாரகூடாப் பெட்டியை மகன் நமக்கு அனுப்பியிருந்தான். விலை ஏறும் என்ற ஆசையில் அதை பீரோவின் மேல் முத்திரை நீக்காமல் வைத்திருந்தோம். பேரன் கேட்டபோதெல்லாம், "நீ பெரியவனானதும்" என்று மறுத்தோம். கொள்ளையர் தங்கத்தைப் புதைத்து வைப்பதைப் பொம்மையில் பார்த்துச் சிரித்த நாம், பெட்டியையே புதைத்து வைத்தவரானோம். தலைவர் தந்த தாலந்தை மண்ணில் மறைத்த ஊழியனின் உவமையை எத்தனை ஞாயிறுகள் கோயிலில் கேட்டிருப்போம்! அவன் எதையும் திருடவில்லை. ஆனால் யாருக்கும் பயன்படவிடவுமில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வந்ததும் அப்பெட்டியைத் திறந்தோம். பேரனோடு அண்டை வீட்டுச் சிறுவர் இருவரும் அமர்ந்தனர். மூன்று நாட்களில் கப்பல் எழுந்தது. நான்காம் நாள் அதில் பாதி கலைந்து, பள்ளிக்கூடமாயிற்று. நமக்குச் சிறிதும் வருத்தமில்லை.

பெற்றோரே, இப்பெட்டிகளை வாங்கியே தீரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விலை மிகுதியெனில் பழைய கட்டைகளே போதும், அவை தேய்வதில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடாதவாறு காத்துக்கொள்க. விளையாடும் குழந்தைகளுடன் நாள்தோறும் அரை மணி நேரம் தரையில் அமர்க. தங்கம் யாருடையது என்று அவர்கள் கேட்டால் நழுவாமல் விடை கூறுக. கேட்காவிடின், நீங்களே கேளுங்கள். நம் கைக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் குறித்து அதே வினாவை நாமும் எழுப்பினால், நம் இல்லங்கள் நேர்மையின் கோட்டைகளாகும்.