185 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும்

திருச்சிக்கு அருகில் இருப்பது சென்னையா, யாழ்ப்பாணமா? வகுப்பில் இக்கேள்வியை எழுப்பும்போதெல்லாம் மாணவர்கள் தயங்காமல் சென்னை என்பார்கள். நேர்கோட்டில் அளந்தால் விடை வேறு. திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 290 கி.மீ. தொலைவில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ ஏறத்தாழ 185 கி.மீ. தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சியில் தங்கிப் படித்த யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவருக்குத் தந்தை கவலைக்கிடம் என்று செய்தி வந்தது. அப்போது நேரடி விமானம் இல்லை. கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சாலை வழியே வடக்கு நோக்கி ஏழெட்டு மணி நேரம் பயணம் செய்தார். அவர் வீடு சேர்ந்தபோது சிதை ஆறியிருந்தது. பொருளாதாரத்தில் தொலைவை நாங்கள் கிலோமீட்டரில் அல்ல, செலவிலும் நேரத்திலும் அளப்பது ஏன் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

2025 மார்ச் இறுதியில் திருச்சி–யாழ்ப்பாணம் நேரடிச் சேவை தொடங்கியது. பயண நேரம் சுமார் ஒரு மணி. இங்கேதான் ஓர் ஐயம் எழும். இத்தகைய வழித்தடங்களுக்கு ஏற்ற ஏ.டி.ஆர். 72 புரொப்பல்லர் விமானம் மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. அக்கணக்கில் 22 நிமிடங்கள் போதுமே?

விமான நிறுவனங்கள் அறிவிப்பது வானில் பறக்கும் நேரத்தை மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் மீண்டும் நிற்பது வரையிலான நேரம் அது. ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், வகுக்கப்பட்ட வான்வழியில் வளைந்து செல்லுதல், வேகம் குறைத்து இறங்குதல், தாமதத்துக்கென ஒதுக்கும் சில நிமிடங்கள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றில் பெரும்பகுதி 185 கி.மீ. பறந்தாலும் 800 கி.மீ. பறந்தாலும் ஏறத்தாழ ஒன்றே.

செலவும் அப்படித்தான். தரையிறங்கும் கட்டணம், தரைப்பணிகள், மேலேறும்போது எரியும் கூடுதல் எரிபொருள் ஆகியவை தொலைவு குறைவதால் அதே விகிதத்தில் குறைவதில்லை. எனவே குறுந்தொலைவுப் பயணத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவு அதிகம். உள்நாட்டுச் சிறு நகர வழித்தடங்களுக்கு 'உடான்' திட்டத்தின் கீழ் அரசு நிதியுதவி அளிப்பதும் இதனால்தான்.

வேகமான ஜெட் விமானத்தை இயக்கினால் என்ன? மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று கொண்டாலும் மிச்சமாவது எட்டு நிமிடங்களே. ஆனால், பன்னாட்டுப் பயணி இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் வரவேண்டியிருக்கிறது. குடியேற்றச் சோதனை வரிசையில் அரை மணி நேரம் குறைந்தால், அது எந்த ஜெட்டும் தராத வேகம்.

ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பரிலேயே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு விமானம் இயக்கியது. பின்னர் போர் அந்த வழியை மூடியது. 2019இல் சென்னை–யாழ்ப்பாணம் சேவை தொடங்கி, பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. கடலின் அகலம் இந்த ஆண்டுகளில் மாறவில்லை. மாறியதெல்லாம் அரசுகளின் முடிவுகளே.

ஆகவே, இரு அரசுகளும் சிறு விமான நிலையங்களின் கட்டணங்களைக் குறைக்க வேண்டும். சோதனை நடைமுறைகளை எளிதாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேவை இடையறாது தொடர்வதை உறுதிசெய்ய வேண்டும். நாளை இன்னொரு மாணவருக்கு அப்படியொரு செய்தி வந்தால், அவர் அன்றே வீடு சேர வேண்டும்.