எடைக்கும் ஒரு கணக்கேடு

இரண்டு சக்கரங்கள், ஓர் அச்சு, நான்கடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட ஒரு தட்டு. தோட்டக் கழிவையும் பழைய மரச்சாமான்களையும் ஏற்றிச் செல்ல அமெரிக்காவில் விற்கப்படும் சாதாரணச் சரக்கு டிரெய்லர் இவ்வளவுதான். அந்நாட்டில் பல குடும்பங்கள் இதன்மேல் பலகைகளை எழுப்பி, இருவர் படுத்துறங்கும் சிறு வீடாக மாற்றி, காரின் பின்னால் இணைத்துக்கொண்டு மலைக்கும் ஏரிக்கரைக்கும் செல்கின்றன. விடுதி வாடகை இல்லை. கூடாரத்தைப்போல மழைக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. இத்தகைய படங்களைக் கண்டு, நாமும் ஒன்று செய்தால் என்ன என்று எண்ணும் வாசகர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

இம்முயற்சி புதியதன்று. 1920களின் இறுதியில் வாலி பயாம் என்னும் அமெரிக்கர், ஃபோர்ட் மாடல் டி காரின் அடிச்சட்டத்தின்மீது ஒரு மேடை அமைத்து, அதன்மேல் கூடாரம் எழுப்பிப் பயணம் செய்தார். ஒவ்வொரு முறையும் கூடாரத்தை எழுப்புவது பெரும்பாடாக இருக்கவே, மூடிய அறை ஒன்றையே மேடைமீது கட்டினார். கண்டவர்கள் விசாரிக்க, செய்முறை வரைபடங்களை விற்கத் தொடங்கினார். 1931-இல் அது ஏர்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனமாயிற்று. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அந்த ஆண்டுகளில் தாமே டிரெய்லர் கட்டிக்கொண்டோர் பலர். முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்தும் நீர்த்துளிபோல் தோன்றும் சிறு டிரெய்லர் அக்காலத்தில்தான் பரவியது. உலகப் போர் முடிந்ததும், உபரியாக விற்கப்பட்ட அலுமினியத் தகடும் ஜீப் சக்கரங்களும் கைவினைஞர்களுக்கு உதவின. 1947 செப்டம்பரில் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அத்தகைய டிரெய்லருக்கான வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பின்பற்றி இன்றும் கட்டுவோர் உளர்.

எட்டுக்கு நான்கின் வசதி

சரக்கு டிரெய்லரை அடித்தளமாகத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. சட்டம், அச்சு, வில்பட்டை, விளக்கு இணைப்பு ஆகிய ஆபத்து மிகுந்த பகுதிகள் அனைத்தும் தொழிற்சாலையில் முறைப்படி செய்யப்பட்டவை. கட்டுபவர் செய்ய வேண்டியது மேலுள்ள பெட்டியை மட்டுமே. பிளைவுட் பலகையின் அளவும் எட்டுக்கு நான்கு அடியே ஆதலால், தரைப்பலகையை அறுக்காமலேயே பொருத்திவிடலாம். இரு பக்கச் சுவர்களுக்கும் ஒவ்வொரு பலகை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே முறையில் வளைவை அறுத்தால் இரு பக்கமும் சிறிதும் பிசகாது.

படுக்கை முன்பகுதியில் அமையும். பின்பகுதியில், மேல்நோக்கித் திறக்கும் கதவின் கீழ், சமையல் மேடை இருக்கும். சமைப்பவர் வெளியே நின்றே சமைப்பார். இவ்வமைப்பு இடத்தைச் சேமிப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. மூடிய சிற்றறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு உறங்குபவரை எழுப்புவதில்லை. ஆகவே குளிர் எவ்வளவாயினும் அடுப்பையோ கரியையோ உள்ளே கொண்டுசெல்லலாகாது. எதிரெதிரே இரு காற்றுத் துளைகளும் கட்டாயம் தேவை. இருவர் விடும் மூச்சின் ஈரம் ஒரே இரவில் சுவரில் நீராய் வழியும். துளைகள் இல்லையேல் பலகை சில பருவங்களிலேயே உப்பிப் பிரியும்.

முதல் ஏடு: எடை

இப்பணியைத் தொடங்கியோரில் பலர் இடறும் இடம் தச்சுவேலை அன்று, எடை. ஒவ்வொரு டிரெய்லருக்கும் உச்ச மொத்த எடை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் எஞ்சுவதே நமது வரவு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உச்ச எடை 500 கிலோ, சொந்த எடை 130 கிலோ எனக் கொண்டால், வரவு 370 கிலோ.

இனிச் செலவு. 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு பலகை ஏறத்தாழ 20 கிலோ; 6 மில்லிமீட்டர் பலகை அதில் பாதி. ஒவ்வொன்றிலும் நான்கு பலகைகள் எனில் 120 கிலோ. மரச்சட்டங்கள் 40, அலுமினியத் தகடு 32, கதவு, சன்னல், கீல்கள் 25, மெத்தை 15, லித்தியம் மின்கலம் 12, அடுப்பும் பாத்திரமும் மளிகையும் 35, குடிநீர் 30 லிட்டர், அதாவது 30 கிலோ, துணிமணிகளும் மடக்கு நாற்காலிகளும் 30. மொத்தம் 339 கிலோ. மீதம் 31 கிலோ.

இம்மீதம் போதுமானதாகவே தோன்றும். ஆனால் விலை குறைவென்று லித்தியத்துக்குப் பதிலாக 30 கிலோ ஈய அமில மின்கலத்தை வாங்கி, குடிநீரையும் இருமடங்காக்கினால் 48 கிலோ கூடிவிடும். கணக்கில் 17 கிலோ பற்றாக்குறை. வங்கிக் கணக்கில் பற்றாக்குறை நேர்ந்தால் காசோலை திரும்பும். நெடுஞ்சாலையில் அதன் விளைவு வெடித்த டயராகவோ முறிந்த அச்சாகவோ இருக்கும்.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நிறைந்த டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்புறக் கொக்கியின்மீது இறங்க வேண்டும் என்பது இழுவைக்கான பொது விதி. மேற்கண்ட டிரெய்லர் நிறைந்த நிலையில் 469 கிலோ. ஆகவே கொக்கியின் பங்கு 47 முதல் 70 கிலோ வரை. பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால் கொக்கி இலேசாகும். வேகம் ஏற ஏற டிரெய்லர் இருபுறமும் ஊசலாடத் தொடங்கி, காரையே சாலையிலிருந்து தள்ளிவிடக்கூடும். சமையலறை பின்னால் இருப்பதால் இவ்வகை டிரெய்லருக்கு இந்த ஆபத்து இயல்பாகவே உண்டு. மின்கலத்தையும் நீர்க் குடுவையையும் அச்சுக்கு முன்னால் வைப்பது இதனால்தான். சமதரையில் நிறுத்தி, கொக்கியின் வழக்கமான உயரத்தில் ஒரு கட்டையைக் கொடுத்து, அதன் கீழே வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை வைத்தாலே கொக்கி எடை தெரிந்துவிடும். புறப்படும் நாளில், பொருள்கள் அனைத்தையும் ஏற்றிய பின்னரே இதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஏடு: பணமும் சட்டமும்

அமெரிக்க அனுபவத்தை நம் நாட்டுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. எனவே பொதுச்சாலையில் ஓட வேண்டுமாயின் அதற்குப் பதிவும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் தேவை. அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரம் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றலாகாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. சரக்குக்கெனப் பதிவான டிரெய்லரின்மேல் அறை எழுப்புவது இக்கேள்விக்குள் வரும். ஆகவே மரக்கடைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று, எது அனுமதிக்கப்படும் என்பதை எழுத்துமூலம் அறிந்துகொள்வது நலம்.

இழுக்கும் காரையும் மறத்தல் கூடாது. அதன் கையேட்டில் டிரெய்லர் இழுக்க அனுமதி உண்டா, எத்தனை கிலோ வரை என்பதைப் பார்க்க வேண்டும். அக்கார் கடனில் வாங்கப்பட்டு, பதிவுச் சான்றிதழில் வங்கியின் ஹைப்போதிகேஷன் குறிப்பு இருந்தால், இழுவைக் கொக்கி பொருத்துமுன் கிளையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கலந்துகொள்ள வேண்டும். தெரிவிக்கப்படாத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது தடையாக எழக்கூடும்.

செலவைப் பொறுத்தவரை நாம் கூற விரும்புவது ஒன்றே. கைவேலையாகக் கட்டிய டிரெய்லரை விற்கும்போது, போட்ட பணம் முழுமையாகத் திரும்பும் என எதிர்பார்க்கலாகாது. எனவே மருத்துவத்துக்கும் கல்விக்கும் ஒதுக்கிய சேமிப்பைத் தொடாமல், இதற்கெனத் தனியே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கலாம். இப்பணி கட்டம் கட்டமாகச் செய்யத்தக்கது: முதலில் அடித்தளம், பின் சுவர், பின் கூரை, இறுதியில் மின்னிணைப்பும் மெத்தையும். சுவரும் கூரையும் எழுந்து, மழைநீர் புகாதபடி வண்ணம் பூசிவிட்டால், எஞ்சியவற்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதில் தவறில்லை.

முதற்பலகையை அறுக்குமுன் குடும்பத்தினர் ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து, ஒரு தாளின் ஒரு பக்கத்தில் ரூபாயையும் மறுபக்கத்தில் கிலோவையும் எழுதிப் பார்க்கட்டும். மெத்தையின் கனம் எவ்வளவு, குடிநீர் எத்தனை லிட்டர், யார் எந்தப் பெட்டியை விட்டுவிட்டு வரச் சம்மதிப்பார் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இரு பக்கமும் சிறிது மீதம் காட்டினால், வேலையைத் தொடங்கலாம்.