நிலவறையில் ஒளித்த ஓவியங்கள்! பங்களாவைப் பழுது பார்க்க ரூ.400 கோடி!

ஒரு பழைய பங்களா. அதைப் பழுது பார்க்க 4 வருஷம். செலவு சுமார் 6 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ரூ.400 கோடிக்கு மேல்!

"அம்மாடி! அந்தக் காசுக்குப் புதுசாவே பத்து பங்களா கட்டலாமே?" என்று கேட்கத் தோன்றுகிறதா? முதலில் கதையைக் கேளுங்கள்.

1972-ல் ஒலிம்பிக் பந்தயம் நடந்ததே, ஜெர்மனியின் மூனிச் நகரம், அங்கேதான் இருக்கிறது இந்தப் பங்களா. பெயர் லென்பாக் ஹவுஸ்.

கொத்தனார் மகன்

இதைக் கட்டியவர் பிரான்ஸ் வான் லென்பாக். கொத்தனார் வீட்டுப் பிள்ளை. தானும் கொத்து வேலை பழகியவர். பிறகு கரண்டியை வைத்துவிட்டுத் தூரிகை பிடித்தார். பெரிய மனிதர்கள் எல்லாம் அவரிடம் படம் எழுதிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஜெர்மனியின் 'இரும்பு மனிதர்' பிஸ்மார்க்கை மட்டும் ஏறத்தாழ 80 தடவை வரைந்தார்!

கையில் காசு புரண்டது. 1887 முதல் 1891 வரை, இத்தாலி நாட்டுப் பாணியில், மஞ்சள் சுவரும் தோட்டமுமாக மாளிகை எழுப்பினார். 1904-ல் அவர் காலமானார். 1924-ல் அவருடைய மனைவி வீட்டை நகரசபைக்கு விற்றார். 1929-ல் அது ஓவியக் காட்சி சாலை ஆனது.

கைகூடாத காதல்

அந்தக் காட்சி சாலைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது லென்பாக் அல்ல. ஒரு பெண்!

அவர் பெயர் கேப்ரியல் மூன்டர். 1901-ல் மூனிச்சில் ஓவியம் படிக்க வந்தார். சொல்லிக் கொடுத்தவர் ரஷ்யக்காரரான காண்டின்ஸ்கி. வாத்தியாருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. ஆனாலும் இருவருக்கும் காதல் மலர்ந்தது. பக்கத்தில் உள்ள முர்னாவ் என்ற ஊரில் 1909-ல் மூன்டர் ஒரு வீடு வாங்கினார். இருவரும் அங்கே இருந்து படம் எழுதினார்கள். 1911-ல் 'நீலக் குதிரை வீரன்' என்ற ஓவியர் குழுவும் பிறந்தது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ரஷ்யர் என்பதால் காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஓவியங்கள் எல்லாம் மூன்டரிடமே தங்கிவிட்டன. இருவரும் கடைசியாகச் சந்தித்தது ஸ்டாக்ஹோமில். 1917-ல் காண்டின்ஸ்கி வேறு பெண்ணை மணந்துகொண்டார்!

பிறகு ஓவியங்கள் யாருக்கு என்று வக்கீல்கள் மூலம் தகராறு. 1926-ல் ஒரு பகுதி அவருக்குப் போனது. மிச்சம் மூன்டருக்கு.

நாஜிகள் சோதனை

ஹிட்லர் ஆட்சியில் இந்த மாதிரி ஓவியங்களுக்குக் 'கேடு கெட்ட கலை' என்று பெயர். 1937-ல் அவற்றைக் கேலி செய்யவே மூனிச்சில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள்.

மூன்டர் என்ன செய்தார் தெரியுமா? அத்தனையையும் முர்னாவ் வீட்டின் நிலவறையில் ஒளித்து வைத்தார். வீட்டில் சோதனை நடந்தது. ஆனால் ஓவியங்கள் அகப்படவில்லை. கையை விட்டுப் போன மனிதரின் படங்களை அந்த அம்மாள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்!

1957-ல் அவருக்கு 80 வயது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை மூனிச் நகரத்துக்கே இனாமாகத் தந்துவிட்டார். அதில் காண்டின்ஸ்கியின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டும் சுமார் 90. அவை வந்து சேர்ந்த இடம்தான் லென்பாக் ஹவுஸ்.

ஒட்டுப் போட்ட வீடு

பொக்கிஷம் வந்தது. வீடு தாங்க வேண்டுமே?

ஒரு குடும்பம் வாழக் கட்டிய வீடு அது. உலகப் போரில் குண்டு வீச்சில் வேறு சேதம் அடைந்திருந்தது. 1920-களில் ஒரு பகுதி சேர்த்தார்கள், 1972-ல் இன்னொரு பகுதி. இப்படி ஒட்டுப் போட்டே காலம் ஓடியது. சூடும் ஈரமும் சீராக இல்லாவிட்டால் ஓவியம் பாழ். 2009-ல் கதவைச் சாத்தி வேலையைத் தொடங்கினார்கள்.

அப்போது கண்காட்சிக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருந்தது. பக்கத்திலேயே பாதாள ரயில் நிலையம். பிளாட்பாரத்துக்கு மேலே சும்மா கிடந்த நீண்ட இடத்தை 1994-லேயே கண்காட்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். கீழே ரயில், மேலே ஓவியம்!

சுவர் உள்ளே வந்தது

மராமத்துப் பொறுப்பு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் பாஸ்டரின் நிறுவனத்துக்கு. பழைய மாளிகையில் அவர்கள் கை வைத்துக் கெடுக்கவில்லை. பிற்காலத்து ஒட்டு வேலைகளில் சிலவற்றை இடித்து அப்புறப்படுத்தினார்கள். பக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பி, தாமிரமும் அலுமினியமும் கலந்த குழாய்களால் வெளிப்புறத்தை மூடினார்கள். தங்கம் போல் தகதகக்கிறது. பழைய மஞ்சள் சுவருக்கு அது பொருத்தம்.

நடுவே உயரமான கூடம். மாளிகையின் பழைய வெளிச்சுவர் இப்போது அந்தக் கூடத்தின் உள்சுவர்! மழையிலும் வெயிலிலும் நின்ற சுவர் கூரைக்குள் வந்துவிட்டது. மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தவும் ஏற்பாடு உண்டு.

2013 மே மாதம் கதவு திறந்தது.

கணக்கு சரியா?

இப்போது ரூ.400 கோடிக்கு வருவோம். 2023 மார்ச்சில் லண்டனில் ஓர் ஏலம். 1910-ல் காண்டின்ஸ்கி வரைந்த ஒரே ஒரு முர்னாவ் காட்சி 3 கோடியே 72 லட்சம் பவுனுக்குப் போயிற்று. நம் பணத்தில் ரூ.360 கோடிக்கு மேல்!

ஒரு படத்துக்கே அந்த விலை. மூன்டர் தந்ததோ சுமார் 90. அதற்காக ஒரு காசு கேட்கவில்லை. 1962-ல் முர்னாவ் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

அவர் நிலவறையில் வைத்துக் காத்த சொத்துக்கு நகரம் ஒழுங்கான கூரை போட்டிருக்கிறது. அதைப் போய் வீண் செலவு என்று சொல்ல முடியுமா?