தைப்பனியும் தகரக் கூரையும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் மூத்தோர் வாய்மொழி. குளிர் எவ்வழியாக இல்லத்தினுள் நுழைகிறது என்பதை இதனினும் சுருக்கமாகக் கூறிவிட இயலாது. காலுக்குக் கீழே தரை, தலைக்கு மேலே கூரை. இவ்விரண்டையும் காத்துக்கொள்ளும் இல்லத்தில், அடுப்பு எரியாமலேயே குளிர் அடங்கும்.

திருப்பூரில் குளிரா என்று நீலகிரியில் வாழும் நம் வாசகர்கள் நகைக்கக்கூடும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியின் மீது உறைபனி படிவதுண்டு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருப்பூரிலோ, மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 18 டிகிரி அளவுக்கு இறங்குவதே பெரிது. ஆயினும் குளிர் என்பது வெப்பமானியில் மட்டும் இருப்பதன்று. மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. தகரம் அல்லது கல்நார் ஓட்டின் கீழே, சிமெண்டுத் தரையின் மீது, ஒற்றைப் போர்வையுடன் உறங்கும் முதியவருக்கும் பச்சிளம் குழந்தைக்கும் அந்த 18 டிகிரியே பெருங்குளிர். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் ‘லைன் வீடு’ எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் குடும்பங்கள் இதனை நன்கறியும்.

பிறரைப் போர்த்திய ஊர்

கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்களைத் தருவித்துத் திருப்பூரில் பனியன் தொழிலுக்கு வித்திட்ட முன்னோடிகளுள் குலாம் காதர் என்னும் பெயரைத் தொழில் வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1978ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு வணிகர்களின் வருகையுடன் ஏற்றுமதி தொடங்கியது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அணியப்படும் ஆடைகளில் கணிசமானவை நொய்யல் கரையில் பின்னப்பட்டவை. அந்நாட்டுக் குழந்தைகளின் குளிர்கால உள்ளாடையை இரவு ஷிப்டில் தைத்து முடித்த தாய், விடியலில் வீடு திரும்பித் தன் குழந்தை குளிரில் சுருண்டு கிடப்பதைக் காண்பது இவ்வூரின் முரண்களுள் ஒன்று. இம்முரணைத் தீர்க்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. தீர்க்கும் பொருள் அதே தொழிற்சாலையின் வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

வெப்பம் வெளியிலிருந்து வருவதன்று

போர்வை நமக்கு வெப்பம் தருவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது எதையும் தருவதில்லை. ஓய்வாக இருக்கும் ஒரு மனித உடல், ஏறத்தாழ 80 முதல் 100 வாட் வெப்பத்தை இடையறாது வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு இது சமம். அந்த வெப்பம் ஓடிவிடாமல் தடுப்பதே போர்வையின் பணி. அப்பணியைச் செய்வதும் நூலன்று. நூலிழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டு நிற்கும் காற்றேயாகும்.

பனியன் துணியின் சிறப்பு இங்குதான் விளங்கும். தறியில் நெய்யும் துணியில் இழைகள் நேராக ஓடுகின்றன. பின்னல் துணியிலோ அவை கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது காற்றை வைத்துக்கொள்கின்றன. ‘பிளீஸ்’ எனப்படும் துணியின் உட்புறத்தைக் கம்பிப் பற்கள் பொருந்திய உருளைகளால் சுரண்டிப் பஞ்சுபோல் எழுப்புவதும் காற்றை மேலும் சேர்த்து வைப்பதற்கே. ஆகவே, கனத்த ஆடை ஒன்றைக் காட்டிலும் மெல்லிய ஆடைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நலம். இடையிலுள்ள காற்றும் ஓர் ஆடையாகிவிடுகிறது. ஆயின் பின்னல் துணி வீசும் காற்றைத் தடுக்காது. விடியற்காலையில் இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்வோர், பனியன் ஆடையின் மேல் மழைக்கோட்டு ஒன்றை அணிந்தாலே போதும்.

ஈரம் இவ்வனைத்தையும் கெடுத்துவிடும். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. வியர்வையில் நனைந்த உள்ளாடையுடனும், குளித்து உலராத தலைமுடியுடனும் உறங்கச் செல்லலாகாது.

திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் கால்நடைகளால் மனிதன் அடையும் பயன்களைக் கூறுமிடத்து, உணவைக் குறிப்பிடுவதற்கு முன்பே குளிர் தாங்கும் வெப்பத்தைக் குறிப்பிடுவது சிந்திக்கத்தக்கது. ஆட்டின் உடலைக் காத்த கம்பளி, அதே காற்றுச் சிறையினால்தான் மனிதனையும் காக்கிறது.

தரையைத் துளைக்கும் பனி

மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீழே வெறுந்தரை எனில் பயன் குறைவு. சிமெண்டும் டைல்ஸ் கல்லும் உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டில் இருப்பின் நன்று. இல்லாத இல்லங்களில், ஏற்றுமதிக்குப் பயன்படும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காகத் தரையில் பரப்பலாம். அவ்வட்டையின் நெளிவுகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால், அது சிறந்த தடுப்பாக அமைகிறது. அதன்மேல் கோரைப்பாய், அதற்கும் மேல் பவானி ஜமுக்காளமோ மடித்த பழைய போர்வையோ இட்டால் தரையின் குளிர் எட்டாது. அட்டையை நாள்தோறும் எடுத்து வெயிலில் சாய்த்து வைத்தல் வேண்டும். இன்றேல் ஈரமும் கரையானும் சேரும்.

மச்சைத் துளைக்கும் பனி

வானம் தெளிந்த இரவுகளில் தகரக் கூரை தன் வெப்பத்தை வான்வெளிக்கு வீசி, சுற்றியுள்ள காற்றினும் அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் அதன் அடிப்புறத்தில் படிந்து, விடியலில் துளித்துளியாகச் சொட்டுவதும் உண்டு. கூரைக்கும் நமக்கும் இடையே ஒரு திரை அமைப்பதே இதற்கு மாற்று. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே கயிறு கட்டிப் பழைய பருத்திப் புடவைகளை விதானம்போல் விரித்தால், மேலே ஒரு காற்றடுக்கு உருவாகும். அடுப்பங்கரைப் பக்கம் இதனை அமைக்கலாகாது. எளிதில் தீப்பற்றும் தெர்மாகோல் அட்டைகளையும் தவிர்ப்பது நலம். கல்நார் ஓட்டினைத் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் நுண்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது.

பகலில் பத்து மணி முதல் மூன்று மணி வரை சன்னல்களைத் திறந்து வெயிலை உள்ளே வரவிடுங்கள். பாய், தலையணை, போர்வைகளை வெயிலில் உலர்த்துங்கள். கதிரவன் சாய்வதற்கு முன் சன்னல்களைச் சாத்திவிடுங்கள். கதவின் அடியிலுள்ள இடைவெளிக்கு, பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டித் துணித்துண்டுகளை அடைத்து, இரு முனைகளையும் தைத்து, நீளத் தலையணைபோல் வைத்தால் போதும். ஆனால் காற்றோட்டத்துக்கென மேலே ஒரு சிறு திறப்பேனும் எப்போதும் இருத்தல் வேண்டும்.

கழிவில் பிறக்கும் போர்வை

ஆடை வெட்டும்போது எஞ்சும் துண்டுகளைக் ‘கட்டிங் வேஸ்ட்’ என்று இங்கே கிலோக் கணக்கில் விற்கின்றனர். இதிலிருந்து போர்வை செய்வது நம் இல்லத்தரசிகளுக்கு அரிதன்று. முதலில் பருத்தித் துண்டுகளையும் செயற்கை இழைத் துண்டுகளையும் பிரித்து, பருத்தியை மட்டும் கொள்க. எண்ணெய்க் கறையும் சாயத்தூசியும் நீங்க வெந்நீரில் அலசி நன்கு உலர்த்துக. பழைய பருத்திப் புடவைகள் இரண்டினை அடியும் மேலுமாக வைத்து, இடையே ஏறத்தாழ இரண்டு கிலோ துண்டுகளைச் சீராகப் பரப்புக. ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல் இடுக. தையல் நெருக்கமாக இல்லையெனில் துண்டுகள் ஒருபுறம் குவிந்து, மறுபுறம் வெறுமையாகிவிடும். கனம் குறைவாக வேண்டுவோர் இலவம்பஞ்சு சேர்க்கலாம். அதன் இழை உள்ளே குழலாக இருப்பதால், பெரும்பகுதி காற்றே நிறைந்தது.

இக்கலை புதிதன்று. வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’வும், கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள், அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, துண்டுத் துணிகளால் தைக்கும் ‘கவந்தி’யும் பெயர் பெற்றவை. வங்காளம், பீகார், ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வந்து உழைக்கும் பெண்களிடம், குளிரை வெல்லும் இத்தகைய அறிவு நிறைய உண்டு. அண்டை வீட்டாராகிய அவர்களிடம் கேட்டுப் பழகுவதில் இரு தரப்புக்கும் நன்மையே.

அறைக்குள் நெருப்பு வேண்டாம்

இக்கட்டுரையில் மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டியது இப்பகுதியே. கொடைக்கானல், உதகை போன்ற மலையூர்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம். கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் சிவப்பணுக்களில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை, அதனினும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் இது பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கிறது. பேறுகால அறையில் நெருப்புச் சட்டி வைத்துக் கதவடைக்கும் வழக்கமும் இதே ஆபத்துடையது. காற்றோட்டமற்ற குளியலறையில் கேஸ் கீசர் எரிவதும் அவ்வாறே. எவரேனும் மயங்கினால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, 108 எண்ணை அழைக்க வேண்டும்.

மதீனாவில் ஓர் இல்லம் இரவில் வீட்டாருடன் எரிந்துபோன செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என உணர்த்தி, உறங்குமுன் அதனை அணைத்துவிடுமாறு ஏவினார்கள். அபூ மூஸா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. இந்த அறிவுரையின் ஆழம் இன்றைய மருத்துவத்தால் மேலும் விளங்குகிறது.

காஷ்மீர் மக்கள் ‘பெரன்’ என்னும் நீள அங்கியினுள் ‘காங்கிரி’ என்னும் கரிச்சட்டியை ஏந்திக் குளிர்காய்வர். அறை முழுவதையும் சூடாக்காமல் ஆளை மட்டும் சூடாக்குவதில் சிக்கனம் உண்டு. ஆயினும் தொடர்ந்து சூடுபட்ட தோலில் புற்றுநோய் தோன்றுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்துள்ளது. அதே சிக்கனத்தைத் தீங்கின்றிப் பெற, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் முடிந்து ஒத்தடமும் தரலாம். குழந்தையின் படுக்கையில் மட்டும் இவற்றை வைக்க வேண்டாம்; மென்தோல் எளிதில் வெந்துவிடும்.

கழிவுத் துணியைத் தெருவோரம் கொளுத்திக் குளிர்காய்வதும் தகாது. பாலியஸ்டரும் எலாஸ்டிக் இழையும் கலந்த துணியின் புகை, பஞ்சுத் தூசியால் ஏற்கெனவே நலிந்த நெஞ்சுக்கு நஞ்சாகும்.

பச்சிளம் குழந்தைக்கு

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். எடை குறைந்த குழந்தைகள் வெப்ப நாடுகளிலும் குளிர்ந்துபோவதுண்டு. பிறந்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே முதற்குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 1978 அளவில் மருத்துவர்கள் தொடங்கிய ‘கங்காரு’ முறை, இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் பொருந்த அணைத்து, மேலே துணியால் மூடிவைப்பதே அம்முறை. செலவற்ற இந்த அணைப்பு எடை குறைந்த குழந்தைகள் பலரின் உயிரைக் காத்துள்ளது.

குழந்தையின் உடலில் தலை பெரும்பங்கு. ஆகவே வெப்பமும் அவ்வழியே மிகுதியாக வெளியேறும். ஏழாம் நாள் அகீகாவில் முடி இறக்கியதும், பருத்திப் பனியன் துணியில் தைத்த தொப்பியை உடனே அணிவியுங்கள். முகத்தின் மீது போர்வை விழாதிருக்கட்டும். கனத்த போர்வையைவிட, ஆடைகள் இரண்டு அடுக்காக இருப்பதே குழந்தைக்குப் பாதுகாப்பு.

மின்சாரமும் வெந்நீரும்

2,000 வாட் அறைச்சூடேற்றி ஐந்து மணி நேரம் இயங்கினால் பத்து யூனிட் செலவாகும். தமிழக வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட், பத்தே இரவுகளில் தீர்ந்துவிடும். பஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்யும் நீர்க்குளிர் முதியோரை வாட்டுவதாயின், கறுப்பு வண்ணம் பூசிய மூடியுள்ள குடத்தைப் பகல் முழுதும் வெயிலில் வைத்து, அஸருக்குப் பின் சாக்கும் பழந்துணியும் சுற்றி உள்ளே வைத்துவிடுங்கள். விடியலில் நீரின் கடுமை வெகுவாகத் தணிந்திருக்கும்.

கூடுதலாக ஒரு போர்வை தைக்க இயன்ற இல்லத்தார், அதனைக் கூரை ஒழுகும் அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம். ஜமாஅத்தார் ஒரு தையல் இயந்திரமும் ஓர் அறையும் ஒதுக்கித் தந்தால், பெண்கள் கூடி ஒரு மாதத்தில் தெரு முழுமைக்கும் போர்வை தைத்துவிடலாம். உலகைப் போர்த்திய ஊரில் ஒருவரும் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. தை பிறக்குமுன் ஊசியில் நூல் கோத்துவிடுங்கள்.